வீட்டை ட்ரஸ்ட் பேர்ல வாங்கினா கவுண்டி சைட்ல நம்ம பேர் வராதா? (டெக்சாஸ், இல்லினாய்ஸ் ஆளுங்க கொஞ்சம் சொல்லுங்க)

கொங்கு_பிளேனோ
வணக்கமுங்க எல்லாருக்கும். பிளேனோ பக்கம் வீடு பாத்துட்டு இருக்கோம், இன்னும் காண்ட்ராக்ட் போடல. இங்க கொலின் கவுண்டி அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் (வீட்டு வரிக்கு மதிப்பு போடற ஆபீஸ்) சைட்டுக்குப் போயி பேர அடிச்சா போதும்ங்க, எந்த வீடு, எத்தன சதுர அடி, எந்த வருசம் கட்டுனது, இந்த வருச மதிப்பு என்ன, போன வருசம் என்ன, எல்லாம் கடகடன்னு வந்துருது. வித்த விலைய டெக்சாஸ்ல வெளிய சொல்லோணும்னு இல்லைன்னாலும் இந்த மதிப்ப வச்சே ஆளுக கணக்குப் போட்டுக்கறாங்க. எங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒரு புண்ணியவான் இருக்காரு, யாராச்சும் கிரகப்பிரவேசப் பத்திரிக்கை போட்டா ஒடனே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து "மச்சி டாக்ஸே இவ்ளோ வருமேடா"ன்னு போடறாரு.

அத சிரிச்சுட்டு விட்ரலாம். ஆனா எங்க வீட்ல அவங்க ஒரு கம்பெனி எச்ஆர்ல இருக்காங்க, இப்ப அங்க ஆள் எடுக்கறத விட அனுப்பறது தான் வேலை, அப்படி வேலை போன ஒருத்தன் கண்டபடி மெசேஜ் போட ஆரம்பிச்சதுல இருந்து வீட்டு அட்ரஸ் நெட்ல இருக்கவே கூடாதுன்னு புடிவாதமா இருக்காங்க. ட்ரஸ்ட் பேர்ல வாங்குனா பேர் வராதுன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. யாராச்சும் செஞ்சிருக்கீங்ளா? லோன் குடுப்பாங்ளா? ஹோம்ஸ்டெட் சலுகை (சொந்தமா குடியிருக்கற வீட்டுக்கு வரிக் குறைப்பு) போயிருமா?

சிகாகோ_சித்தப்பு
தம்பி, இந்த விஷயத்துல கரைகண்ட ஊரு எங்க ஊரு தான். இல்லினாய்ஸ் லேண்ட் ட்ரஸ்ட்னு தேடிப் பாருங்க. பத்தொம்பதாம் நூற்றாண்டு கடைசியிலயே இங்க வந்தாச்சு, 1893ல ஹார்ட் எதிர் சீமோர்னு ஒரு கேஸ்ல இல்லினாய்ஸ் சுப்ரீம் கோர்ட்டே செல்லும்னு சொல்லிடுச்சு. சிட்டி கவுன்சில் மெம்பருங்க தங்களுக்கு எங்கெங்க நிலம் இருக்குன்னு வெளிய தெரியாம இருக்கறதுக்காக பிடிச்சுக்கிட்ட வழின்னு ஒரு பழைய கதை சொல்வாங்க, எங்க ஊர் அரசியல் தெரிஞ்ச எவனும் அத மறுக்க மாட்டான்.

எப்படின்னா பத்திரம் ஒரு ட்ரஸ்ட் கம்பெனி பேர்ல இருக்கும், "இன்ன தேதியிட்ட ட்ரஸ்ட் அக்ரிமெண்ட், நம்பர் இத்தனை, அதன் ட்ரஸ்டி"ன்னு போட்டிருக்கும், குக் கவுண்டி ரெக்கார்ட்ல அவ்ளோ தான் தெரியும். உங்க பேர் இருக்கற அக்ரிமெண்ட் ரெக்கார்ட் ஆகாது, அது அந்த கம்பெனி ஃபைல்ல தூங்கும். சாதாரண ட்ரஸ்ட்ல ட்ரஸ்டி தான் சொத்த நிர்வாகம் பண்ணுவார் இல்லையா, இதுல ட்ரஸ்டி வெறும் கையெழுத்து, நீங்க எழுத்து மூலமா சொன்னா தான் விக்கவோ அடமானம் வைக்கவோ முடியும், வாடகை வசூல் ரிப்பேர் வரி எல்லாம் உங்க பாடு. அதுக்கும் மேல சட்டப்படி உங்ககிட்ட இருக்கறது நிலமே கிடையாது, பெனிஃபிஷியல் இன்டரஸ்ட்னு (பலன் அனுபவிக்கற பங்கு) ஒரு அசையும் சொத்து. அதனால நாலு பேர் சேர்ந்து ஒரு பில்டிங் வாங்கி அதுல ஒருத்தருக்கு டைவர்ஸ் ஆனாலும் கடன்காரன் ஜட்ஜ்மெண்ட் வாங்கினாலும் அது நேரா டைட்டில் (சொத்தோட சட்ட உரிமை) மேல போய் ஒட்டிக்காது. பேங்க் அடமானத்துல கூட "சொந்தப் பொறுப்பில் அல்ல, ட்ரஸ்டி என்ற முறையில் மட்டும்"னு போட்டு ட்ரஸ்ட் கம்பெனி தான் கையெழுத்துப் போடும். வருசா வருசம் கம்பெனிக்கு ஃபீஸ் உண்டு, பெரிசா இருக்காது.

ஃப்ளோரிடாவுலயும் 1963ல இருந்து லேண்ட் ட்ரஸ்ட்டுக்கு தனி சட்டம் இருக்கு. டெக்சாஸ் எப்படின்னு அங்க இருக்கறவங்க தான் சொல்லணும்.

டைட்டில்_தங்கம்
டல்லாஸ் பக்கம் டைட்டில் கம்பெனில (வீட்டு உரிமைய சரிபாத்து க்ளோசிங், அதாவது கடைசிக் கையெழுத்து, முடிச்சுக் குடுக்கற இடம்) வேலை பாக்கறேன், வக்கீல் கிடையாது, தினம் பத்திரம் பாக்கறவ அவ்ளோ தான்.

டெக்சாஸ்ல இல்லினாய்ஸ் மாதிரி லேண்ட் ட்ரஸ்ட்டுக்குன்னு தனி சட்டம் இல்ல. அதுவும் இல்லாம ட்ரஸ்டிக்கு ஒரு வேலையும் குடுக்காம சும்மா பேருக்கு நிறுத்தி வச்சா டைட்டில் நேரா பெனிஃபிஷியரிக்கே (ட்ரஸ்ட்டோட பலன் அனுபவிக்கறவர்) போயிடும்னு இங்க ப்ராப்பர்ட்டி கோட்லயே இருக்கு. அதனால சித்தப்பு சொன்ன சிகாகோ டாக்குமெண்ட்ட நெட்ல டவுன்லோட் பண்ணி இங்க கையெழுத்துப் போட்றாதீங்க. இங்க எல்லாரும் பண்றது ரிவோக்கபிள் லிவிங் ட்ரஸ்ட் தான், அதாவது உயிரோட இருக்கும்போதே போட்டு, வேணும்னா மாத்தவோ ரத்து பண்ணவோ முடியற ட்ரஸ்ட்.

கொங்கு அண்ணா, நீங்க கேட்டதுல ரெண்டு தனித்தனி விஷயம் இருக்கு. அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் சைட் ஒண்ணு, கவுண்டி கிளர்க் (பத்திரம் பதியற ஆபீஸ்) ரெக்கார்ட் இன்னொண்ணு. உங்க குரூப் ஆளு பாக்கறது முதல் சைட், அங்க ஓனர் இடத்துல பத்திரத்துல என்ன இருக்கோ அது தான் வரும், பத்திரம் ட்ரஸ்ட் பேர்ல இருந்தா ட்ரஸ்ட் பேரு வரும். ஆனா கிளர்க் இண்டெக்ஸ்ல பதிவான ஒவ்வொரு டாக்குமெண்ட்டும் பேர் வாரியா இருக்கும், பேர் வெளிய வர்ற இடம் அது தான், நிறைய பேர் கோட்டை விடறதும் அங்க தான்.

முதல்ல சொந்தப் பேர்ல வாங்கிட்டு அப்புறம் ட்ரஸ்ட்டுக்கு மாத்தினா, அந்த மாத்தின பத்திரத்துல குடுத்தவர்ங்கற இடத்துல உங்க பேர் நிரந்தரமா உக்காந்திருக்கும். பத்திரத்த அழிக்க முடியாது. டேட்டா விக்கற கம்பெனிங்க அத அன்னிக்கே எடுத்துடுவாங்க. அதனால பிரைவசி தான் நோக்கம்னா காண்ட்ராக்ட் போடறதுக்கு முன்னாடியே ட்ரஸ்ட் தயாரா இருக்கணும், முதல் பத்திரமே ட்ரஸ்டி பேர்ல விழணும்.

அடுத்து ட்ரஸ்டி யாரு? இங்க ட்ரஸ்ட்டுங்கறது கம்பெனி மாதிரி தனி ஆள் கிடையாது, பத்திரத்துல ட்ரஸ்டி பேர் வந்தே ஆகணும். "சுப்பிரமணியம் ஃபேமிலி ட்ரஸ்ட், ட்ரஸ்டி சுப்பிரமணியம்"னு போட்டுட்டு பிரைவசின்னா எப்படி, வாரத்துக்கு ஒண்ணு இந்த மாதிரி எங்க ஆபீஸுக்கு வருது. வேற ஒருத்தர், வக்கீலோ ட்ரஸ்ட் கம்பெனியோ இல்ல வேற இனிஷியல் இருக்கற நம்பிக்கையான சொந்தமோ ட்ரஸ்டியா இருக்கணும். அப்படி செஞ்சா உங்க வீட்டோட சட்ட உரிமை இன்னொருத்தர் கையில இருக்குன்னு அர்த்தம், அத யோசிச்சுட்டு செய்யுங்க.

லோன் தான் பெரிய ஓட்டை. ரிவோக்கபிள் லிவிங் ட்ரஸ்ட் பேர்ல வாங்கற வீட்டுக்கு ஃபேனி மே (பேங்க் குடுக்கற வீட்டு லோன்கள வாங்கற நிறுவனம்) ரூல்ல இடம் இருக்கு, ஆனா ட்ரஸ்ட்ட உருவாக்கினவரோட வருமானத்தயும் கிரெடிட்டயும் வச்சு தானே லோன் குடுக்கறாங்க, அதனால அவர் தனி ஆளாவும் கையெழுத்துப் போடணும். அடமானப் பத்திரம் கிளர்க் ஆபீஸ்ல பதிவாகும், அதுல உங்க கையெழுத்து இருந்தா இண்டெக்ஸ்லயும் உங்க பேர் ஏற நிறைய வாய்ப்பு இருக்கு. ரொக்கத்துல வாங்கறவங்களுக்கு இந்தப் பிரச்னையே இல்ல. லோன்ல வாங்கற நமக்கெல்லாம் அப்ரைசல் சைட்ல மறைஞ்சாலும் கிளர்க் சைட்ல தோண்டறவன் கண்டுபிடிச்சிடுவான்.

இன்னும் ஒண்ணு, க்ளோசிங்ல நாங்க சர்ட்டிஃபிகேஷன் ஆஃப் ட்ரஸ்ட் கேப்போம், முழு ட்ரஸ்ட் டாக்குமெண்ட்டுக்கு பதிலா அதோட சுருக்கம். அதுல பெனிஃபிஷியரி பேர் வேண்டாம், ஆனா ட்ரஸ்ட்ட உருவாக்கினவர் பேர் இருக்கும். அத எங்க ஃபைல்ல வச்சுக்க சொல்லுங்க, பதிவு பண்ண விடாதீங்க. கேக்கலேன்னா சில இடத்துல பத்திரத்தோட சேத்தே அனுப்பிடுவாங்க.

அடையார்_ஆலமரம்
தங்கம் மேடம் இது சூப்பர், பின் பண்ணி வைங்க அட்மின்.

ஒரு டவுட்டு, ஏற்கனவே லோன் இருக்கற வீட்ட ட்ரஸ்ட்டுக்கு மாத்தினா பேங்க் முழு லோனையும் கட்டுன்னு கேக்கும்னு சொல்றாங்களே?

டைட்டில்_தங்கம்
@அடையார்_ஆலமரம் டியூ ஆன் சேல் க்ளாஸ சொல்றீங்க. 1982ல வந்த கார்ன் செயின்ட் ஜெர்மைன் சட்டத்துல அதுக்கு விலக்கு இருக்கு, அஞ்சு யூனிட்டுக்குக் கீழ இருக்கற குடியிருப்பு, நீங்க உயிரோட இருக்கும்போதே உருவாக்கின ட்ரஸ்ட், கடன் வாங்கினவர் அதுல பெனிஃபிஷியரியா தொடரணும், குடியிருக்கற உரிமை வேற ஆளுக்கு மாறக் கூடாது. இதுக்குள்ள இருந்தா பேங்க் அந்த க்ளாஸ பிடிச்சுக்கிட்டு வர முடியாது. ஆனா வீட்டு இன்சூரன்ஸ்ல ட்ரஸ்ட்ட சேக்க மறந்துடாதீங்க, அப்புறம் க்ளெய்ம் நேரத்துல ஓனர் யாருன்னு இழுப்பாங்க. டைட்டில் இன்சூரன்ஸும் தொடருதான்னு மாத்தறதுக்கு முன்னாடி கேட்டுக்கோங்க.

நெல்லை_நேர்மை
எல்லாம் சரிண்ணே, சொந்த உழைப்புல வாங்குற வீட்டுக்கு எதுக்கு இந்த ஒளிச்சு வைக்கிற சோலி? இந்த மாதிரி ட்ரஸ்ட்டு பின்னாடி ஒளியறவன்லாம் கருப்புப் பணக்காரன், இல்லன்னா வாடகைக்கு இருக்கறவன் வீடு ஒழுகுனாலும் கண்டுக்காத ஓனரு. பொது ரெக்கார்டுன்னு ஒண்ணு வச்சிருக்கறதே யாரு நிலம் யாருதுன்னு ஊருக்குத் தெரியணும்னு தானல.

சிகாகோ_சித்தப்பு
நேர்மை சொல்றதுல நியாயம் இல்லாம இல்ல. எங்க ஊர்ல பாதி இடிஞ்ச பில்டிங்க ட்ரஸ்ட் நம்பர்ல வச்சுக்கிட்டு ஓனர் யாருன்னே தெரியாம சிட்டிக்காரன் அலைஞ்ச காலம் இருந்தது. அதனால தான் இல்லினாய்ஸ்லயே பெனிஃபிஷியரி பேர சொல்ல வைக்கிற சட்டம் போட்டாங்க, பில்டிங் பாதுகாப்பு விதிய மீறினதா புகார் வந்தா ட்ரஸ்டி பேர சொல்லியே ஆகணும், அரசாங்கத்துகிட்ட லைசென்ஸ் பெர்மிட்னு போனாலும் சொல்லணும். கோர்ட் சம்மன் வந்தா கேக்கவே வேண்டாம்.

ஃபெடரல் பக்கமும் சும்மா இல்ல. 2016ல மன்ஹாட்டன்ல 30 லட்சம் டாலருக்கு மேல, மயாமில 10 லட்சத்துக்கு மேல ரொக்கத்துல கம்பெனி பேர்ல வாங்கினா பின்னாடி இருக்கற ஆள் யாருன்னு டைட்டில் இன்சூரன்ஸ் கம்பெனி ஃபின்சென்னுக்கு (கருப்புப் பணத்த கண்காணிக்கற ஃபெடரல் அமைப்பு) சொல்லணும்னு ஆரம்பிச்சாங்க, 2018ல அத பல ஊருக்கு விரிச்சு 3 லட்சமா குறைச்சாங்க. அதெல்லாம் எல்எல்சி மாதிரி கம்பெனிங்களுக்கு. 2024 ஆகஸ்ட்ல போட்ட ரூல்ல தான் ட்ரஸ்ட்டயும் சேத்தாங்க, 2025 டிசம்பர்ல அமலுக்கு வரணும், அத 2026 மார்ச்சுக்கு தள்ளினாங்க, அது மேல கேஸும் போட்டிருக்காங்க, வாங்கற அன்னிக்கு நிலவரம் என்னன்னு க்ளோசிங்ல கேட்டுக்கோங்க. சாதாரண பேங்க் லோன்ல வாங்கறவங்கள அந்த ரூல் தொடாது, சொந்த வீட்ட காசு வாங்காம சொந்த ட்ரஸ்ட்டுக்கு மாத்தறதையும் தொடாது. சொன்னாலும் அது ஃபின்சென் ஃபைல்ல தான் இருக்கும், பப்ளிக்குக்கு வராது.

ஹூஸ்டன்_டாக்டரம்மா
@நெல்லை_நேர்மை ஒளிக்கறவங்க எல்லாரும் திருடங்க இல்ல. எமர்ஜென்சில வேலை பாக்கறேன், பேஷண்ட்டோட சொந்தக்காரர் ஒருத்தர் "உன் வீடு எங்கன்னு தெரியும்"னு சொன்னதுக்கப்புறம் தூக்கம் எப்படி வரும்னு அனுபவிச்சா தான் தெரியும். நியூ ஜெர்சில 2020ல ஒரு ஃபெடரல் ஜட்ஜ் வீட்டுக்கு ஒருத்தன் டெலிவரி ஆள் மாதிரி வந்து அவங்க மகனை சுட்டுக் கொன்னான். அதுக்கப்புறம் தான் அங்க அந்தப் பையன் பேர்லயே டேனியல்ஸ் லா வந்தது, ஜட்ஜ், பிராசிக்யூட்டர், போலீஸ் இவங்க வீட்டு அட்ரஸ நெட்ல இருந்து எடுக்க சொல்ல முடியும்.

கொங்கு ப்ரோ, ட்ரஸ்ட்டுக்கு முன்னாடி காசில்லாத வழி இருக்கான்னு பாருங்க. டெக்சாஸ் டாக்ஸ் கோட்ல 25.025னு ஒரு செக்ஷன், அதுல இருக்கற லிஸ்ட்ல வந்தா அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட்டுக்கு ஒரு ஃபார்ம் குடுத்தா போதும், அட்ரஸ மறைச்சிடுவாங்க. போலீஸ், ஜட்ஜ் மட்டும் இல்ல, குடும்ப வன்முறை, ஸ்டாக்கிங்ல பாதிக்கப்பட்டு அட்டர்னி ஜெனரலோட அட்ரஸ் கான்ஃபிடென்ஷியாலிட்டி ப்ரோக்ராம்ல இருக்கறவங்களும் அதுல வருவாங்க. உங்க வீட்ல வந்த மெசேஜ் மிரட்டல் அளவுக்குப் போனா முதல்ல போலீஸ்ல எழுதிக் குடுங்க, ட்ரஸ்ட் அப்புறம்.

டாக்டர்ங்களுக்கு ஒண்ணு: என்பிஐ நம்பர் (டாக்டர்ங்களோட அடையாள எண்) வாங்கும்போது ரெசிடென்சி காலத்துல குடுத்த அபார்ட்மெண்ட் அட்ரஸ் இன்னும் அப்படியே பப்ளிக் சைட்ல இருக்கும், போய் மாத்துங்க. டெக்சாஸ்ல வோட்டர் லிஸ்ட்டும் கேட்டா குடுப்பாங்க. பத்திரத்த மட்டும் மறைச்சுட்டு இதெல்லாம் திறந்து கிடந்தா ட்ரஸ்ட் ஃபீஸ் தண்டம்.

வேளச்சேரி_வெங்கி
எதுக்கு ட்ரஸ்ட்? வயோமிங் எல்எல்சி ஒண்ணு ஓப்பன் பண்ணி அது பேர்ல வீட்ட வாங்கிடுங்க, ஓனர் பேரே வெளிய வராது. யூட்யூப்ல ஒருத்தர் க்ளியரா சொல்றார்.

டைட்டில்_தங்கம்
வெங்கி, வாடகைக்கு விடற வீட்டுக்கு அது சரி, குடியிருக்கற வீட்டுக்கு வேண்டாம். எல்எல்சி ஓனர்னா டெக்சாஸ்ல ஹோம்ஸ்டெட் கிடையாது, வருசத்துக்கு பத்து சதவீதத்துக்கு மேல மதிப்பு ஏத்த முடியாதுங்கற லிமிட்டும் அதோட போச்சு. சாதாரண வீட்டு லோன் எல்எல்சிக்கு குடுக்க மாட்டாங்க. ட்ரஸ்ட்டுக்கு சொன்ன அந்த 1982 சட்ட விலக்கும் எல்எல்சிக்கு இல்ல.

ரிவோக்கபிள் ட்ரஸ்ட்னா ஐஆர்எஸ் (வருமான வரித்துறை) கண்ணுக்கு அது நீங்களே தான், உங்க எஸ்எஸ்என்ல (சோஷியல் செக்யூரிட்டி நம்பர்) உங்க ரிட்டர்ன்லயே வட்டி கழிச்சுக்கலாம், வித்தா லாபத்துல தனி ஆளுக்கு இரண்டரை லட்சம், ஜோடிக்கு அஞ்சு லட்சம் டாலர் வரி விலக்கும் அப்படியே இருக்கும். அதே காரணத்தால தான் கடன்காரன்கிட்ட இருந்து காப்பாத்தாது. யூட்யூப்ல "ட்ரஸ்ட் வச்சா கேஸே போட முடியாது, வரியே இல்ல"ன்னு பேக்கேஜ் விக்கறாங்க பாருங்க, அதெல்லாம் ஊர்ல லாட்டரி சீட்டு விக்கற மாதிரி தான், விக்கறவனுக்கு மட்டும் நிச்சயம்.

மதுரை_மல்லி
இதே மாதிரி நான் மதுரைல ஒரு ப்ளாட் வாங்கப் போறேன், சொந்தக்காரங்களுக்கு தெரியாம இருக்கணும் (காரணம் கேக்காதீங்க 😀). இந்தியால ப்ரைவேட் ட்ரஸ்ட் போட்டு வாங்கலாமா?

மயிலாப்பூர்_பத்திரம்
@மதுரை_மல்லி அம்மா, அமெரிக்கக் கதை இங்க நேர் தலைகீழ். 1882 இந்திய ட்ரஸ்ட் சட்டம் அஞ்சாவது பிரிவுப்படி அசையாச் சொத்த வச்சு ட்ரஸ்ட் போட்டா எழுதிப் பதிவு செஞ்சே ஆகணும் (உயில் மூலமா போடறது வேற). பதிவுன்னா சார்பதிவாளர் ஆபீஸ்ல ஒண்ணாம் புத்தகம். பதிவுச் சட்டம் 57ம் பிரிவுல ஒண்ணாம் புத்தகத்த யார் வேணும்னாலும் பாக்கலாம், நகல் கேக்கலாம். அங்க அக்ரிமெண்ட் பீரோக்குள்ள இருக்கும், இங்க உங்க ட்ரஸ்ட் பத்திரத்தையே உங்க சித்தி மகன் ஃபீஸ் கட்டி நகல் வாங்கிடுவான், பெனிஃபிஷியரி பேரோட. வில்லங்கம் பாக்க அவன் சார்பதிவாளர் ஆபீஸ் கூட போக வேண்டாம், நெட்லயே பாத்துடலாம். உயில் மட்டும் மூணாம் புத்தகம், எழுதினவர் உயிரோட இருக்கற வரைக்கும் அவருக்கும் அவர் ஏஜெண்ட்டுக்கும் தவிர வேற யாருக்கும் நகல் கிடையாது.

அப்ப வேற ஒருத்தர் பேர்ல வாங்கி வைக்கலாமேன்னு தோணும், தோணக் கூடாது. பணம் உங்களுது பேர் வேறொருத்தருதுன்னா 2016 திருத்தத்துக்கு அப்புறம் பினாமி சட்டத்துல சொத்து பறிமுதல், ஒண்ணுல இருந்து ஏழு வருசம் கடுங்காவல், சந்தை மதிப்புல 25 சதவீதம் வரைக்கும் அபராதம். ட்ரஸ்டியா வச்சிருக்கறதுக்கு சட்டத்துல விலக்கு உண்டு, ஆனா அது உண்மையான, பதிவான ட்ரஸ்ட்டா இருக்கணும், மாட்டினப்புறம் "நான் ட்ரஸ்டி"ன்னு சொல்றது எடுபடாது. பெனிஃபிஷியரிங்களோட பங்கு எவ்வளவுன்னு ட்ரஸ்ட்ல தெளிவா இல்லன்னா வருமான வரியும் உச்ச விகிதத்துல போடுவான்.

சிராங்கூன்_ரவி
சிங்கப்பூர்லருந்து. இங்கயும் ஃபீஸ் கட்டினா ஓனர் பேர் யாருக்கும் கிடைக்கும். ட்ரஸ்ட்ல வீடு வாங்கறது முன்னெல்லாம் பிள்ளைங்க பேர்ல ரெண்டாவது காண்டோ வாங்கற வழியா இருந்துச்சு, 2022 மே மாசம் 35 சதவீதம் ஏபிஎஸ்டி (கூடுதல் முத்திரை வரி) முதல்லயே கட்டணும்னாங்க, 2023 ஏப்ரல்ல அது 65 சதவீதம் ஆயிடுச்சு. பெனிஃபிஷியரி யாருன்னு உறுதியா காட்டினா திரும்ப கேக்கலாம், ஆனா முதல்ல பணத்த எடுத்து வைக்கணும். அதோட அந்த ஆட்டம் முடிஞ்சுது லா.

ஸ்கார்பரோ_தம்பிராசா
கனடாவில இப்ப எல்லாம் எதிர்த் திசையில தான் போகுது. பிரிட்டிஷ் கொலம்பியாவில ட்ரஸ்டோ கம்பனியோ காணி வைச்சிருந்தால் பின்னால இருக்கிற ஆள் ஆர் எண்டு தனி ரெஜிஸ்ட்ரி, 2021 ஏப்ரல்ல இருந்து பொதுசனமும் தேடிப் பார்க்கலாம். எங்கட ஒண்டாரியோவில அப்பிடி இல்லை, ஆனா பிள்ளையள் வீடு வாங்கேக்க மோர்ட்கேஜுக்காக தாய் தகப்பன் பேரையும் டைட்டில்ல போடுறது எங்கட சனத்துக்குள்ள எவ்வளவு எண்டு உங்களுக்கே தெரியும். அது பெயார் ட்ரஸ்ட் (bare trust, டைட்டில்ல பேருக்கு மட்டும் இருக்கிறது) கணக்கில வரலாம், டி3 (ட்ரஸ்ட்டுக்கான வரி ரிட்டர்ன்) ஃபைல் பண்ண வேணும் எண்டு சிஆர்ஏ (கனடா வரித் திணைக்களம்) சொல்லி எல்லாரும் அக்கவுண்டனிட்ட ஓடிச்சினம், கடைசியில 2024 மார்ச் 28, கடைசித் திகதிக்கு கொஞ்ச நாள் இருக்கேக்க "இந்த முறை வேண்டாம்" எண்டு சொல்லிப்போட்டாங்கள். காசு குடுத்து ஃபைல் பண்ணின சனம் பேசின பேச்சை இங்க எழுதேலாது.

கொங்கு_பிளேனோ
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. எஸ்டேட் பிளானிங் வக்கீல் ஒருத்தர்கிட்ட பேசிட்டேன். ட்ரஸ்ட்ட இப்பவே போட்டு, வக்கீலே ட்ரஸ்டியா பத்திரம் வாங்கற மாதிரி. கிளர்க் சைட்ல லோன் பத்திரத்துல பேர் வர்றத தவிர்க்க முடியாதுன்னு அவரும் அதே தான் சொன்னாரு. வீட்ல கேட்டேன், அவங்க பேர தவிர்த்து என் பேர்ல மட்டும் லோன் போட்டா போதும்ங்கறாங்க, என் சம்பளத்துல மட்டும் லோன் வருமான்னு பாக்கணும். ப்ரொபேட் (இறந்தப்புறம் சொத்த மாத்தற கோர்ட் நடைமுறை) இல்லாம புள்ளைகளுக்குப் போகும்ங்கறதும் ஒண்ணு இருக்கறதால ஃபீஸ் தண்டம்னு தோணல.

ஹோம்ஸ்டெட் மட்டும் இன்னொருக்கா சொல்லுங்க தங்கம் மேடம். அப்புறம் ட்ரஸ்ட்டுக்கு ஒரு பேர் வேணும், "நொய்யல் ட்ரஸ்ட்"னு வைக்கலாம்னு இருக்கேன்.

டைட்டில்_தங்கம்
ஹோம்ஸ்டெட் போகாது, ஆனா ட்ரஸ்ட் டாக்குமெண்ட்ல டெக்சாஸ் சட்டம் கேக்கற வாசகம் இருக்கணும், அதாவது நீங்க வாடகை இல்லாம இத சொந்த குடியிருப்பா வச்சு வாழ உரிமை இருக்குன்னு. வக்கீல்கிட்ட "குவாலிஃபையிங் ட்ரஸ்ட்டா எழுதுங்க"ன்னு சொன்னா அவருக்குப் புரியும். வேற மாநிலத்து டெம்ப்ளேட்ல இது இருக்காது, அதனால தான் அப்ளிகேஷன் திரும்பி வருது. டாக்ஸ் பில் போற மெயிலிங் அட்ரஸும் அந்த சைட்ல தெரியும், அதுல உங்க ஆபீஸ் அட்ரஸ போட்றாதீங்க.

டெக்சாஸ்ல வீட்டுல மனைவியோட ஹோம்ஸ்டெட் உரிமையும் இருக்கறதால லோன் உங்க பேர்ல மட்டும் இருந்தாலும் அடமானப் பத்திரத்துல அவங்களையும் கையெழுத்துப் போட சொல்லுவாங்க, இது க்ளோசிங் அன்னிக்கு தெரிஞ்சு சண்டை வேண்டாம், இப்பவே லெண்டர்கிட்ட அவங்க பேர் எந்தெந்த பேப்பர்ல வரும்னு கேட்டு வாங்கிக்கோங்க.

நொய்யல் வேண்டாம்ணா. பிளேனோல அந்தப் பேரப் பாத்தா கோயம்புத்தூர் திருப்பூர் ஆளுன்னு குரூப்ல எல்லாருக்கும் தெரிஞ்சிடும். ஏதாவது மரம், நம்பர்னு சப்புன்னு ஒரு இங்கிலீஷ் பேர் வைங்க, தெருப் பேரும் வேண்டாம், நாளைக்கு வீடு மாத்தினா அதே ட்ரஸ்ட்டுல வாங்கலாம்.

கொங்கு_பிளேனோ
அந்த மனைவி கையெழுத்து சமாச்சாரம் வக்கீல் சொல்லவே இல்லைங்க. நாளைக்கே லெண்டருக்கு மெயில் போட்டு கேட்டுட்டு வந்து இங்கயே சொல்றேன்.